வாசலுக்கு வந்த நத்தார் பாப்பா

கடந்த மார்கழியின் முற்பகுதியில், ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகள் தன் ஐந்து வயதுப் பெண்பிள்ளையுடன் யாழ்ப்பாணம் வந்திருந்தாள். வந்த மூன்றாம் நாள் காலை நான் விறாந்தையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்காரர் தமது மோட்டார் சைக்கிளில் வந்து, ஹோன் அடித்து, பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுப் போய்ச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. பெட்டிக்குள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்த ஒட்டி மீனைக் கண்ட வியப்பு மாறாத முகத்துடன் அச்சிறுமி என் சாய்மனைக் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்:

"தாத்தா, இஞ்சை சாண்டா எந்தக் கடையிலை இருக்கிறார்? எப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போவியள்?"

நான் திகைத்துப் போனேன். அங்கே கார்த்திகை மாத இறுதியில் பெரிய வணிக வளாகங்களில் சாண்டா குளோஸ் வந்து அமர்ந்துவிடுவாராம். பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச்சென்று வரிசையில் நிற்பர். முறை வந்ததும் பிள்ளையை அவர் மடியில் அல்லது அருகில் இருத்தி, என்ன வேண்டுமென்று சொல்லவைத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். இவளுக்கு அவ்வாறு நான்கு படங்கள் இருக்கின்றன. முதலாவதில் பெருங்குரலெடுத்து அழுகிறாள்.

"நாங்கள் சைவம் எல்லோ பிள்ளை?" என்று என் மருமகளிடம் கேட்டேன்.

"அங்கை ஆர் மாமா சைவம், வேதம் எண்டு பாக்கினம்? வகுப்பிலை எல்லாப் பிள்ளையளும் போகுதுகள். இவளை மட்டும் எப்பிடி மறிக்கிறது?" என்றாள் அவள்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சாண்டாவைப் பற்றிய ஒரு சிறுமியின் கேள்வி புதியதன்று. 1897இல் நியூயோர்க் நகரின் 'சன்' பத்திரிகைக்கு வேர்ஜினியா என்ற எட்டு வயதுச் சிறுமி, சாண்டா உண்மையில் இருக்கிறாரா என்று கேட்டு எழுதினாள். பிரான்சிஸ் சேர்ச் என்ற ஆசிரியபீடத்தவர் அதற்குப் பெயரிடாமல் எழுதிய பதில், ஆங்கிலப் பத்திரிகை உலகில் அதிகம் மறுபிரசுரம் பெற்ற ஆசிரியத் தலையங்கமாக இன்றும் கருதப்படுகிறது. வேர்ஜினியாவின் கேள்வி இருப்பைப் பற்றியது. எங்கள் வீட்டுச் சிறுமிக்கோ அவர் இருப்பதில் ஐயமே இல்லை. எந்தக் கடை என்பதுதான் தெரியவேண்டும். எனக்குப் பதில் சொல்ல நேரம் எடுத்தது. ஏனெனில், நான் அறிந்த யாழ்ப்பாணத்தில் பிள்ளையை நத்தார் பாப்பாவிடம் கூட்டிச்செல்லும் வழக்கம் இருந்ததில்லை. அவர்தாம் பிள்ளையைத் தேடி வந்தார்.

கடையில் சென்று காணும் வழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 1879இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரக் கடையொன்றில் நத்தார் காலத்துக்கென ஒரு மாயலோகம் அமைக்கப்பட்டது. 1890இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து புறொக்டன் நகரில் துணிக்கடை நடத்திய ஜேம்ஸ் எட்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் தாமே செவ்வாடை தரித்து, தாடி ஒட்டி, கடைக்குள் உலாவினார். செய்தி பரவியதும் பொஸ்ரனிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் பிள்ளைகளை ரயிலேற்றி அழைத்து வந்தார்களாம். எட்கர் பிள்ளைகள்மீது பேரன்பு கொண்டவர் என்றே எழுதியிருக்கிறார்கள், நம்பலாம். ஆயினும் பிள்ளை வந்தால் பெற்றோரும் வருவர், பெற்றோர் வந்தால் பணப்பையும் வரும் என்பதைக் கண்டுகொள்ள மற்றைய வணிகர்களுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. ரொறன்ரோவில் 1905இல் ஈட்டன் நிறுவனம் சாண்டாவை ரயில் நிலையத்திலிருந்து தன் கடைக்கு அழைத்துவந்தது. அந்நகரத்தின் புகழ்பெற்ற சாண்டா ஊர்வலத்தின் தொடக்கம் அதுவே.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே வரலாறு வேறு பாதையில் சென்றது. அப்பாதை சற்று வளைவானது.

சாண்டா குளோஸ் என்ற பெயருக்கு மூலமான புனித நிக்கலஸ், இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா என்ற துறைமுக நகரின் ஆயர். நான்காம் நூற்றாண்டினர். அவரைப் பற்றிய கதைகளுள் முதன்மையானது எது தெரியுமா? சீதனம்! ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. நிக்கலஸ் இரவில் யாரும் அறியாமல் வந்து, யன்னல் வழியே பொன்முடிச்சுகளைப் போட்டுவிட்டுப் போகிறார். ஒல்லாந்தர் 1707இல் எழுத்திலாக்கிய தேசவழமைச் சட்டத்தில் சீதனத்துக்குத் தனியிடம் கொடுத்த எங்கள் சமூகத்துக்கு இவரைவிட நெருங்கிய புனிதர் கிடைப்பது அரிது. (இரவில் யன்னல் வழியே பொன் விழும் என்று காத்திருக்கும் தகப்பன்மார் இங்கு இன்றும் உள்ளனர்.)

அவர் கடலோடிகளின் பாதுகாவலரும் ஆவார். 1087இல் அவரது எலும்புகளை மீராவிலிருந்து இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுசென்றவர்களும் கடலோடிகளே. எனவே யாழ். நகரின் மேற்கு விளிம்பில், கடனீரேரியை அண்டி வாழும் கடற்றொழிலாளரின் ஊராகிய நாவாந்துறையில் அவருக்கு ஓர் ஆலயம் இருப்பதில் வியப்பில்லை. குடாநாட்டின் உதைபந்தாட்ட இரசிகர்கள் நாவாந்துறை சென். நீக்கிலஸ் கழகத்தை நன்கறிவர். ஆனால், அந்த நீக்கிலாரும் சிவப்புத் தொப்பிக்காரரும் ஒருவரே என்று அவர்களிற் பலரிடம் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே அவர் ஆயருக்குரிய முடியும் கோலும் தாங்கிய புனிதர். மார்கழி 6இல் திருநாள் காண்பவர்.

'நத்தார்' என்ற சொல்லோ போர்த்துக்கேயர் தந்தது. பிறப்பு என்று பொருள்படும் அவர்களது 'நத்தால்' சிங்களத்தில் 'நத்தல்' ஆயிற்று. தமிழில் 'நத்தார்' ஆயிற்று. திருநாளின் பெயருக்கும் 'ஆர்' விகுதி போட்டுவிட்டோம். ஒல்லாந்துக்கும் புளியங்குளத்துக்கும் போகாத மரியாதை நத்தாருக்குப் போயிற்று. 'பாப்பா' இன்னொரு வேடிக்கை. தகப்பன் என்ற பொருளில் ஐரோப்பிய வாயிலிருந்து வந்த சொல் அது என்று கொள்வதே பொருந்தும். தமிழ்க் காதிலோ அது குழந்தையைக் குறிக்கிறது. தாடி நரைத்த கிழவரை நாங்கள் குழந்தை என்று அழைத்து வளர்ந்தோம்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் இதனைப் பறித்தனர். சாண்டா குளோஸ் என்ற பெயரே ஒல்லாந்தரின் 'சின்ரக்ளாஸ்' என்பதிலிருந்து பிறந்தது. ஆகவே அவர்கள்தாம் அவரை இங்கு கொணர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது மறுதலை. அவர்களது சீர்திருத்த சபை புனிதர் வணக்கத்தை விக்கிரக ஆராதனை என்று வெறுத்தது. ஒல்லாந்து நகரங்கள் பலவற்றில் நிக்கலஸ் திருநாளுக்குப் பொம்மையும் இஞ்சிப் பணியாரமும் விற்பதற்கே அந்நூற்றாண்டில் தடைபோட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளும் தாய்மாரும் கேட்கவில்லை. லெய்டன் நகரத்து ஓவியர் ஜான் ஸ்ரீன் 1660களில் தீட்டிய நிக்கலஸ் திருநாள் ஓவியத்தில் பொம்மையை விடமறுக்கும் சிறுமியை இன்றும் காணலாம். எங்கள் வேலணைக்கு லெய்டன் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டியவர்கள், அந்த ஊர்களின் பிள்ளைகள் விரும்பிய கிழவரை மட்டும் கப்பலில் ஏற்றவில்லை. யாழ்ப்பாணத்தின் முதல் ஒல்லாந்தப் போதகரும் நூலாசிரியருமான பால்தேயஸ் டெல்வ்ற் நகரில் பிறந்தவர்.

ஒல்லாந்தர் காலத்தில் இங்கு கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டிருந்தது. குருமார் இல்லை, மறைவில் செபம் சொல்லி மக்கள் காலங்கழித்தனர். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் என்ற குரு யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரர் வேடத்தில் வாசல் வாசலாகச் சென்று கத்தோலிக்கரைக் கண்டறிந்தார். பின்னர் சில்லாலை அவருக்குப் புகலிடம் கொடுத்தது. 1689இல் நத்தார் இரவு வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துக் கைதுசெய்தனர். 2015 தை மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். நத்தார்க் காலத்தில் வேடமிட்டு வாசலுக்கு வருபவர் என்றால், எங்கள் மண்ணில் அந்த நினைவுக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வயது உண்டு. நத்தார் பாப்பாவுக்கும் வாஸ் அடிகளுக்கும் நேர்த்தொடர்பு இருக்கிறதென்று நான் சொல்லவரவில்லை.

அமெரிக்க மிஷனரிமார் கதை இன்னும் சுவையானது. 1815 ஐப்பசியில் மசசூசெற்ஸ் மாநிலத்து நியூபரிபோட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மறுவருடம் இலங்கை சேர்ந்த டானியல் பூவர் முதலானோர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்வி நிலையங்களை நிறுவினர். அவர்கள் நத்தார் கொண்டாடும் மரபிலே பிறந்தவர்களல்லர். அவர்களது முன்னோராகிய தூய்மைவாதிகள் 1659இல் மசசூசெற்ஸில் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதித்தனர். அச்சட்டம் 1681இல் நீங்கியபோதிலும், மார்கழி 25 அங்கு விடுமுறை நாளாக 1856 வரை பொறுத்திருக்கவேண்டியிருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிய அதே 1823ஆம் ஆண்டு மார்கழியில்தான், நியூயோர்க் மாநிலத்து ட்ரோய் நகரப் பத்திரிகையொன்று எட்டு மான் பூட்டிய வண்டியில் வரும் நிக்கலஸ் பற்றிய புகழ்பெற்ற கவிதையை வெளியிட்டது. இன்றைய சாண்டாவின் சாதகக் குறிப்பு அது. வட்டுக்கோட்டையில் வானியலும் கணிதமும் கற்பித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் அதைக் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பர். அவர்களை அனுப்பிய அதே மசசூசெற்ஸில்தான் 1890இல் ஜேம்ஸ் எட்கர் தாடி ஒட்டிக்கொண்டார்!

ஆக, கிழவரை இங்கு கொண்டுவரப் பொருத்தமான இரு கூட்டத்தாரும் அவரைக் கொண்டுவரவில்லை. கத்தோலிக்கருக்கோ நத்தாரின் மையம் பாலன் குடில். 1223இல் கிரேச்சியோ என்ற இத்தாலிய ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் அமைத்த குடில், அவர் சபையினர் சென்ற இடமெல்லாம் சென்றது. யாழ்ப்பாணத்தில் சிறுபிள்ளையை இடுப்பில் ஏந்திச் சென்று காட்டியது அதனைத்தான். வைக்கோல், சணல் சாக்கில் செய்த மலை, ஊறவைத்து முளைக்கவிட்ட நெல்லும் பயறும், மண் ஆடு மாடுகள், நடுவில் பாலன். அயலூர்க் குடில்களையெல்லாம் சுற்றிப்பார்ப்பது ஒரு பயணமாகவே நடந்தது. சைவப் பிள்ளைகளும் போனோம். பிள்ளையைக் கூட்டிச்சென்றது பிள்ளையிடம். கிழவர் தாமே நடந்து வந்தார். ரொறன்ரோவின் ஒழுங்குக்கு இது நேரெதிர்.

அவர் எப்படி வந்தார்? பிரித்தானியர் காலத்தில் பாடசாலை நத்தார் விழாக்களில் சவுக்குக் கிளையை நட்டு, பஞ்சு தூவி, அதனருகே செவ்வங்கியில் நின்றார். அங்கிருந்து கரோல் பாடுவோருடன் சேர்ந்து ஒழுங்கைக்குள் இறங்கினார். இறங்கிய இடத்தில் அவருக்கு ஏற்கெனவே வழி வெட்டிக் கிடந்தது என்பது என் எண்ணம். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்துப் பத்து நாளும் விடியற்புறம் சங்கும் சேமக்கலமுமாக அடியார் கூட்டம் தெருத்தெருவாக வருவதும், வீட்டார் விளக்கேற்றி வாசலில் நிற்பதும் யாழ்ப்பாணச் சைவரின் பழைய வழக்கம். மார்கழி இருளில் பாடிக்கொண்டு வருபவர்களுக்குப் படலையைத் திறக்கவேண்டும் என்பது எங்கள் காதுகளுக்குப் பழகியிருந்தது. அந்த மாதத்தில் நாங்கள் பகலில் உறங்கியது ஏன் என்று இப்போது புரிகிறது: இரவு பதினொரு மணிக்கு வேதக்காரர், விடிய நாலு மணிக்குச் சைவக்காரர்!

நான் வளர்ந்தது நகரின் மேற்குப்புறத்தில். இரண்டு ஒழுங்கை தள்ளிக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடியிருப்பு, மறுபுறம் சோனகதெரு. 1970களின் நடுப்பகுதி. இறக்குமதிக் கட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலம். கடைகளில் அப்பிள் இல்லை, பிறநாட்டு விளையாட்டுப் பொருட்கள் இல்லை. பெற்றோல்மக்ஸ் வெளிச்சம் முன்னே வர, அக்கோடியனும் மத்தளமும் பின்தொடர, நத்தார் பாப்பா ஆடிக்கொண்டு வருவார். இளஞ்சிவப்புக் கன்னங்களுடைய, சிரிப்பு மாறாத முகமூடி. தோளில் தலையணை உறை. அதற்குள் இருந்து ஆளுக்கு ஒரு ரொபி. சைவ வீடு, சோனக வீடு என்ற வேறுபாடின்றி எல்லாப் படலையிலும் நிற்பார். எங்கள் ஆச்சி நெற்றி நிறைய நீறுடன் வந்து பயற்றம் பணியாரம் கொடுப்பார். நான் ஆச்சியின் சேலைக்குள் முகம் புதைத்துக்கொள்வேன். அப்பயத்தில் ஒரு சுகமும் இருந்தது. அவர் போனபின் ஒவ்வோர் ஆண்டும் துணிச்சற்காரன் போலப் பேசியிருக்கிறேன்.

ஒரேயொரு தடவை நானும் கடைக்குக் கூட்டிச்செல்லப்பட்டேன். அரசாங்க எழுதுவினைஞராகக் கொழும்பில் இருந்த தந்தையார் 1975 மார்கழியில் எங்களை யாழ்தேவியில் வரவழைத்து, கோட்டையில் ஒரு பெரிய கடைக்கு அழைத்துச்சென்றார். பொம்மைகள் குறைவாகவும் அலங்காரம் அதிகமாகவும் இருந்த ஒரு மாடியில் அவர் அமர்ந்திருந்தார். என்னை ஆங்கிலத்தில் பெயர் கேட்டார். நான் பேசவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஆடிக்கொண்டு வருபவர் இவரல்லர் என்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது, இவர் எழுந்திருக்கவேயில்லை.

பின்னர் காலம் மாறியது. அம்மாற்றத்தை நான் அறிந்துகொண்டது ஒரு முகமூடியைக் கொண்டு. 1987 ஐப்பசியில் இந்தியப் படையுடன் போர் மூண்டது. சுற்றிவளைப்புகள் அன்றாடமாயின. ஆண்கள் கோயில் வீதியிலும் பாடசாலைத் திடலிலும் வரிசையாக இருத்தப்படுவர். முகத்தை மறைத்த ஒருவர் கொண்டுவரப்படுவார். அவர் தலையசைத்தால் அந்த இளைஞன் தனியே பிரிக்கப்படுவான். 'தலையாட்டி' என்ற சொல்லை எங்கள் தலைமுறை பொம்மைக்காகப் பயன்படுத்துவதில்லை. 1988 மார்கழியில் கரோல் குழுவினர் வந்தபோது நான் பத்தொன்பது வயதினன். படலையில் வெளிச்சத்துக்குள் அந்த இளஞ்சிவப்பு முகமூடி தெரிந்ததும், என் பக்கத்தில் நின்ற என் வயது நண்பன், எத்தனையோ ஆண்டு அவருடன் சேர்ந்து ஆடியவன், இரண்டடி பின்வாங்கினான். அவன் ஒரு மாதத்துக்கு முன்னர்தான் தலையாட்டி ஒருவருக்கு முன்னால் இருத்தப்பட்டு எழுந்து வந்தவன். சிறுவர்கள் அழுதார்கள். அது பழைய அழுகையன்று. அடுத்த ஆண்டு எங்கள் அயலுக்கு வந்த நத்தார் பாப்பா முகமூடி அணிந்திருக்கவில்லை. பஞ்சுத் தாடி மாத்திரம். மாலை ஐந்து மணிக்கே வந்தார். யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெரியவேண்டும் என்பதற்காகவே அப்படி வந்தார். வாலிபர் சங்கத்தினர் கூடிப் பேசித்தான் அம்முடிவை எடுத்தார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

1990 ஐப்பசி 30. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். தமிழ்ப் பத்திரிகையாளர்களாகிய நாங்கள் அன்று எழுதவேண்டியதை எழுதவில்லை. அதை மறைத்துப் பயனில்லை. அவ்வாண்டு மார்கழியில் கரோல் குழு சோனகதெருப் பக்கம் திரும்பும் சந்திவரை பழக்கத்தில் போய், நின்று, திரும்பி வந்தது. அங்கே கதவு திறக்க ஆளில்லை. ரொபிக்குக் கை நீட்டிய பிள்ளைகள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தார்கள்.

அதன்பின் வந்த ஐந்தாண்டும் மின்சாரமற்ற நத்தார்கள். பொருளாதாரத் தடையால் மின்கலம் இல்லை, எரிபொருள் இல்லை. ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவில் ஓடும் வானொலியும் அக்காலத்தின் சின்னங்கள். மருத்துவமனைக்கே பஞ்சு போதாதிருந்தபோது தாடிக்குப் பஞ்சு கேட்பது பாவம் என்று கருதி, இலவங்காய் உடைத்துத் தாடி ஒட்டினார்கள். இலவம்பஞ்சு மூக்கில் ஏற, நத்தார் பாப்பா தும்மிக்கொண்டே ஆடினார். பிள்ளைகள் அதைத்தான் அதிகம் இரசித்தார்கள்.

1995 ஐப்பசி 30இல், முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு ஐந்தாண்டு நிறைவுற்ற அதே நாளில், வலிகாமம் இடம்பெயர்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க முண்டியடித்தனர். அம்மார்கழியில் நான் இளம் நிருபராகத் தென்மராட்சியில் இருந்தேன். கொடிகாமத்துக்கு அண்மையில் ஒரு தென்னந்தோப்பில் ஓலையாலும் படங்குச் சீலையாலும் மறைத்த குடில்கள். மழை ஓயவில்லை. நத்தாருக்கு முதல்நாட் பிற்பகல் ஒரு குருமாணவர் யாரோ ஒருத்தியின் அரக்குச் சேலையைச் சுற்றிக்கொண்டு, தாடியில்லாமல், முழங்கால்வரை சேற்றுடன் குடில் குடிலாக வந்தார். கையில் பனையோலைப் பெட்டி. ஆளுக்கு ஒரு துண்டு பனங்கட்டி.

ஒரு சிறுவன், ஆறு வயதிருக்கும், பனங்கட்டியை வாங்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "நாங்கள் இஞ்சை இருக்கிறம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

வீட்டுக்கு வருபவர் வீடு இல்லாதபோதும் வந்துவிட்டாரே என்ற வியப்பு அவனுக்கு. குருமாணவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "உங்கடை வீட்டடிக்குப் போனனான். ஒருத்தரும் இல்லை. கேட்டுக் கேட்டு வந்தனான்" என்றார். அன்று வலிகாமத்தில் கேட்பதற்கு எவரும் இருக்கவில்லை என்பதை அச்சிறுவன் அறியான். நான் அதைச் செய்தியாக எழுதினேன். கொப்பித்தாளில் சில பக்கங்கள் மாத்திரம் அச்சாகிய காலம், இடம் கிடைக்கவில்லை.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சாண்டாவிடம் அனுப்பும் முறையை நான் யாழ்ப்பாணத்தில் முதன்முதல் கண்டது எந்தக் கடையிலும் அன்று. 2004 மார்கழி 26இல், நத்தாருக்கு மறுநாட் காலை, ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்குக் கரையை அழித்தது. மறுவருட மார்கழியில் நிவாரண அமைப்புகள் பல நத்தார் விழா எடுத்தன. தற்காலிகக் குடியிருப்பொன்றின் பொதுமண்டபத்தில் சாண்டா கதிரையில் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் பெயர்ப்பட்டியல் ஒழுங்கில் நின்றார்கள். பெயர் வாசிக்கப்பட்டதும் போய், பொதியை வாங்கி, புகைப்படக்காரர் பக்கம் திரும்பி, அடுத்தவருக்கு வழிவிட்டார்கள். பொதிகள் நல்லவை, கொடுத்தவர்களின் மனமும் நல்லதே. அந்தப் படங்களில் ஒன்றை நானும் பத்திரிகையில் போட்டிருக்கிறேன். ஆயினும் அரிசி, மண்ணெண்ணெய், கூப்பன் என்று ஓராண்டாக வரிசையில் நின்ற பிள்ளைகள் சாண்டாவுக்கும் அதே முகத்துடன் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

2006 ஆவணியில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டு, இரவு ஊரடங்கு வந்தபோது, கரோல் என்ற பேச்சே அடங்கிப்போயிற்று. போர் முடிந்தபின் மெல்லத் திரும்பிற்று. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டபோது நகரும் படியில் ஏறி இறங்கவே கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தனர். இன்று யாழ். நகரில் மார்கழி பிறந்தால் செவ்வாடைக்காரர் கடைவாசலில் நின்று கைகொடுக்கிறார். தாய்மார் பிள்ளையை அருகில் நிறுத்திக் கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் இல்லை. கடைக்குப் போய்வரும் அளவுக்கு வீதி திறந்திருப்பதே எங்களுக்குச் சிறிய காரியமன்று. ஆனால், ஒழுங்கைக்குள் வரும் கிழவர் நின்றுபோனால் அவருடன் சேர்ந்து நின்றுபோவது ஒன்று உண்டு. அவர் படலையைத் தட்டுவதற்கு அந்த வீட்டில் பணம் இருக்கவேண்டியதில்லை. அந்த வீட்டார் எந்தச் சமயம் என்பதும் கணக்கில் இல்லை. அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்பது அயலுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். "இஞ்சை நாங்கள் போறேல்லை. அவர் வருவார்" என்றேன். அவள் நம்பவில்லை. ஒரு கிழமை கழித்து, இரவு ஒன்பதரை மணிக்கு லான்ட்மாஸ்ரர் ஒன்றின் சத்தமும் அதற்குமேல் 'பேஸ்' ஒலியுமாக ஒழுங்கை அதிர்ந்தது. (அக்கோடியன் காலமானது, ஒலிபெருக்கிப் பெட்டிதான்.) பெட்டியில் வண்ண விளக்குகள். நத்தார் பாப்பா இறங்கினார்; முகமூடியுடன். முகமூடி எந்த ஆண்டு திரும்பி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. பேத்தி என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். ரொபியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

மருமகள் உள்ளே போய் எல்லோருக்கும் பிளேன் ரீ கொண்டுவந்தாள். குடிப்பதற்காக நத்தார் பாப்பா முகமூடியை நெற்றிக்கு உயர்த்தினார். என் சாரத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"தாத்தா," என்றாள் காதோடு, "இவர் மீன் கொண்டுவாறவர்."

நான் பேசாமல் இருந்தேன். மறுநாட் காலை வழக்கமான நேரத்தில் வாசலில் ஹோன் சத்தம் கேட்டது. நான் கதிரையைவிட்டு எழுவதற்குள் அவள் ஓடிப்போய்ப் படலையைத் திறந்துவிட்டிருந்தாள். மீன் பெட்டியைப் பார்க்கவில்லை. கையை நீட்டினாள். மீன்காரர் என்னைப் பார்த்தார். பின்னர் ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுச் சட்டைப்பையைத் தடவினார். இரவு மிஞ்சிய ரொபி ஒன்று இருந்தது.